சமையலறையில் அறிவியல்: குழந்தைகளோடு செய்யும் சோதனைகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பிள்ளைகள் இருவரோடும் விடுமுறை நாட்களில் சமையலறையில் சின்னச் சின்னச் சோதனைகள் செய்து வருகிறேன். அதைப் பார்த்துத் தாங்களும் தொடங்கிய பெற்றோர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

எந்த வயதில் தொடங்கலாம்?

மூன்று வயதிலேயே தொடங்கலாம். அந்த வயதுக்கு ஒரு பாத்திரம் தண்ணீரும், மிதக்குமா மூழ்குமா என்று போட்டுப் பார்க்க நாலைந்து பொருட்களும் போதும். வாய்க்குள் போட்டுக்கொள்ளும் அளவுக்குச் சின்னதாக எதையும் வைக்காதீர்கள். ஐந்தாறு வயதில் நிறம் மாறுவதும் நுரை பொங்குவதும் பிடிக்கும். எட்டு வயதுக்கு மேல் அளவுக் கரண்டியையும் நோட்டையும் கையில் கொடுத்துவிடுங்கள். அளந்து, எழுதி, நேற்றையதோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த வயதில் முடியும்.

முதல் சோதனையாக எதைச் செய்யலாம்?

மஞ்சள் காகிதம். நிறைய பேர் நுரை பொங்கும் 'எரிமலை'யில் தொடங்குகிறார்கள். அது பத்து நொடியில் முடிந்துவிடும், மஞ்சள் காகிதம் மதியம் முழுக்க ஓடும்.

ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வழவழப்பில்லாத வெள்ளைக் காகிதத்தில் பூசிக் காயவிடுங்கள். காய்ந்ததும் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டு, வீட்டில் இருப்பதையெல்லாம் சொட்டுச் சொட்டாக வைத்துப் பார்க்க வேண்டியதுதான். எலுமிச்சைச் சாறு, வினிகர், பால், சர்க்கரைத் தண்ணீர் எதற்கும் அசையாது. சோப்புக் கட்டியைக் கரைத்த தண்ணீர் பட்டால் செங்கல் நிறமாகும். சலவை சோடா பட்டால் இன்னும் அடர்ந்த சிவப்பு வரும் (இதை மட்டும் பெரியவர்கள் சொட்டு வைத்துக் கொடுங்கள், தோலை எரிக்கும்). சமையல் சோடாவின் காரம் (அமிலத்துக்கு எதிரான தன்மை) லேசானது என்பதால் அது கொஞ்சம்தான் மாற்றும். அப்புறம் ஷாம்பூவை வைத்துப் பாருங்கள். பெரும்பாலான ஷாம்பூக்கள் காரத்தன்மை இல்லாமல் செய்யப்படுவதால் மஞ்சள் அப்படியே இருக்கும். சோப்பும் ஷாம்பூவும் ஒன்றுதானே என்று நினைத்திருந்த குழந்தைக்கு அங்கே ஒரு கேள்வி பிறக்கும்.

என் மகள் முதல்முறை செய்தபோது கையைச் சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, சரியாக அலசாமல் வந்து காகிதத்தைத் தூக்கினாள். ஓரத்தில் கட்டைவிரல் ரேகை சிவப்பாகப் பதிந்துவிட்டது, வளைவு வளைவாக, அச்சடித்தது போல. விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரலில் ஒன்றும் இல்லை. பிறகு அதே விரலை எலுமிச்சைச் சாற்றில் தொட்டு அந்த ரேகையின் மேல் வைத்தாள். சிவப்பு ஓரத்திலிருந்து கரைந்து மறுபடியும் மஞ்சளானது. நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

காரணம் இதுதான்: மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். காரம் பட்டால் அதன் மூலக்கூறு ஹைட்ரஜனை இழந்து வேறு வடிவத்துக்கு மாறும், நிறமும் மாறும். அமிலம் பட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். தாவரச் சாற்றை வைத்து அமிலத்தையும் காரத்தையும் பிரித்தறியலாம் என்பதை 1664-ஆம் ஆண்டிலேயே விஞ்ஞானி ராபர்ட் பாயில் எழுதி வெளியிட்டார். அவர் பயன்படுத்தியது வயலட் பூவின் சாறு.

மஞ்சளில் இரண்டு நிறம்தானே வருகிறது, இன்னும் நிறையப் பார்க்க முடியாதா?

சிவப்பு முட்டைக்கோஸ் கிடைத்தால் நறுக்கி, வெந்நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து வடிகட்டுங்கள். அந்த ஊதாச் சாறு வினிகரில் இளஞ்சிவப்பாகவும், சமையல் சோடாவில் நீலமாகவும், சலவை சோடாவில் பச்சையாகவும் மாறும். செம்பருத்திப் பூவின் சாறும் இதேபோல் நிறம் மாறும். பீட்ரூட்டை நம்பி இறங்காதீர்கள். அதன் நிறமி வேறு வகை, எலுமிச்சைக்கெல்லாம் அது மசியாது.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்து எரிமலை செய்துவிட்டோம். அதில் அடுத்து என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. சொல்லப்போனால் எரிமலை என்ற பெயர்தான் அதைக் கெடுத்துவிட்டது. உண்மையான எரிமலையில் உருகிய பாறை பீறிடுகிறது, இங்கே நடப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. களிமண் மலையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கண்ணாடிக் குவளையிலேயே செய்யுங்கள்.

முதலில் குவளையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நுரை பொங்கும்போது குவளை குளிர்ந்திருக்கும். 'கொதிப்பது' போலத் தெரிவது சூடாகத்தான் இருக்கும் என்று குழந்தை நினைத்திருக்கும். இந்த வினை சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும் வகையைச் சேர்ந்தது.

அடுத்து பலூன். ஒரு பாட்டிலில் 50 மில்லி வினிகரை ஊற்றுங்கள். பலூனுக்குள் சமையல் சோடாவைப் போட்டு, வாயைப் பாட்டிலின் கழுத்தில் மாட்டி, பலூனை நிமிர்த்தினால் சோடா உள்ளே விழும், பலூன் உப்பும். அரைக்கால் தேக்கரண்டி, கால், அரை, ஒன்று, ஒன்றரை என்று சோடாவை ஏற்றிக்கொண்டே போங்கள், வினிகரின் அளவை மட்டும் மாற்றாதீர்கள். ஒவ்வொரு முறையும் பலூனின் சுற்றளவை நூலால் அளந்து எழுதட்டும். ஓரிடத்தில் பலூன் பெரிதாவது நின்றுவிடும், பாட்டிலின் அடியில் வெள்ளைப் பொடி தங்க ஆரம்பிக்கும். 5 சதவீத வினிகர் 50 மில்லி என்றால் சுமார் மூன்றரை கிராம் சோடாவோடுதான் வினைபுரிய முடியும். அதற்கு மேல் போடுவது சும்மா கிடக்கும். பள்ளியில் பல வருடங்கள் கழித்து வரப்போகும் ஒரு பாடத்தை எட்டு வயதுக் குழந்தை கண்ணால் பார்த்துவிடுகிறது.

மூன்றாவது, அந்த வாயுவை 'ஊற்றுவது'. ஒரு பெரிய குடுவையில் சோடாவும் வினிகரும் சேர்த்து நுரை அடங்கும்வரை காத்திருங்கள். பிறகு, திரவம் சிந்தாதபடி குடுவையைச் சாய்த்து, எரியும் மெழுகுவத்தியின் மேல் ஊற்றுவதுபோல் பிடியுங்கள். எதுவும் விழுவது தெரியாது, ஆனால் சுடர் அணையும். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது, அதனால்தான் அது குடுவையில் தங்கி, சாய்த்தால் கீழே வழிகிறது. எங்கள் வீட்டில் அதிகம் திரும்பச் செய்தது இதைத்தான்.

மெழுகுவத்தியைக் குவளையால் மூடினால் தண்ணீர் மேலே ஏறுகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்துக்குத் தண்ணீர் வருகிறது என்று சொல்லிக் கொடுத்தேன். சரிதானே?

இல்லை. இதைச் சொன்னதற்காக நீங்கள் வருத்தப்பட வேண்டாம், பல பாடப்புத்தகங்களிலும் இந்த விளக்கம் இருந்திருக்கிறது. ஆனால் இதைத் திருத்தியே ஆக வேண்டும், அதுவும் குழந்தையோடு சேர்ந்து.

சோதனை இதுதான்: தட்டில் நிறம் கலந்த தண்ணீர், நடுவில் மெழுகுவத்தி, மேலே ஒரு கண்ணாடிக் குவளை. சுடர் அணைந்ததும் தண்ணீர் குவளைக்குள் ஏறுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன், தண்ணீரும் ஏறக்குறைய அந்த அளவு ஏறுவதுபோல் தெரியும். அதனால்தான் எல்லோரும் ஏமாந்துபோகிறோம்.

இப்போது குனிந்து குவளையின் விளிம்பைப் பாருங்கள். குவளையை வைத்த உடனே சில குமிழிகள் வெளியே வரும். காற்று சூடாகி விரிந்து வெளியேறுகிறது. சுடர் எரியும் நேரமெல்லாம் தண்ணீர் பெரிதாக அசையாது. சுடர் சுருங்கி அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். ஆக்சிஜன் தீர்வதுதான் காரணம் என்றால், எரிய எரியத்தானே கொஞ்சம் கொஞ்சமாக ஏற வேண்டும்? உண்மையில் ஆக்சிஜன் முழுவதும் தீர்வதே இல்லை, கணிசமாக மிச்சமிருக்கும்போதே சுடர் அணைந்துவிடும். செலவான ஆக்சிஜனின் இடத்தைப் பெருமளவு கார்பன் டை ஆக்சைடு நிரப்பிவிடுகிறது. தண்ணீரை ஏற்றுவது முக்கியமாக வெப்பம்தான்: விரிந்திருந்த காற்று குளிர்ந்து சுருங்க, வெளியிலுள்ள காற்றழுத்தம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது.

இதை நம்பச் சொல்லாதீர்கள், சோதிக்கச் சொல்லுங்கள். ஒரு மெழுகுவத்திக்குப் பதில் மூன்றை வைத்து அதே குவளையால் மூடுங்கள். குவளைக்குள் இருக்கும் ஆக்சிஜன் அதே அளவுதான், ஆனால் தண்ணீர் இன்னும் உயரமாக ஏறும். அப்புறம் மெழுகுவத்தியே இல்லாமல், வெந்நீரில் அலம்பிய குவளையைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வையுங்கள். குவளை ஆற ஆறத் தண்ணீர் ஏறும். அங்கே எதுவும் எரியவில்லையே!

விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே 1860-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில், லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில், சிறுவர்களுக்காக மெழுகுவத்தியைப் பற்றி மட்டுமே ஆறு உரைகள் நிகழ்த்தினார். ஒரு மெழுகுவத்தியில் அவ்வளவு இருக்கிறது.

அப்படியானால் விளக்கம் எவ்வளவு சொல்ல வேண்டும்? எனக்கே சரியாகத் தெரியாவிட்டால்?

நான் பழகிக்கொண்ட வழி: முதலில் 'என்ன நடக்கும்னு நினைக்கிறே?' என்று கேட்டு, பதிலை எழுதி வைப்பது. பிறகு செய்து பார்ப்பது. பிறகு 'எதை மாத்திப் பார்க்கலாம்?' என்று கேட்பது. மாற்றுவது ஒரே ஒரு பொருளாக, ஒரே ஒரு அளவாக இருக்க வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் என்ன ஆனது என்று சொல்ல முடியாது. விளக்கம் கடைசியில் வந்தால் போதும். முதலிலேயே சொல்லிவிட்டால், குழந்தை தான் பார்த்ததை விட்டுவிட்டு நீங்கள் சொன்னதைப் பார்க்க ஆரம்பிக்கும். தெரியாத இடத்தில் 'தெரியவில்லை, சேர்ந்து கண்டுபிடிக்கலாம்' என்று சொல்லுங்கள். குழந்தைகள் அதைக் குறையாக எடுத்துக்கொள்வதில்லை.

சோதனை சொன்னபடி வரவில்லை. என்ன தவறு?

அடிக்கடி வரும் இரண்டைச் சொல்கிறேன்.

ஈஸ்ட், சர்க்கரை, தண்ணீர் போட்டும் பலூன் உப்பவில்லை என்றால் பெரும்பாலும் தண்ணீர் அதிகச் சூடாக இருந்திருக்கும். ஈஸ்ட் உயிருள்ளது. 40 டிகிரி அளவு வெதுவெதுப்பு அதற்குப் பிடிக்கும், 60 டிகிரியில் செத்துவிடும். விரலை உள்ளே வைத்தால் இதமாக இருக்க வேண்டும், அதுதான் அளவு.

படிகம் வளரவில்லை என்றால், சர்க்கரையா உப்பா என்று பாருங்கள். சர்க்கரை கொதிநீரில் மிக அதிகமாகக் கரையும்: அறை வெப்பநிலையில் 100 மில்லி தண்ணீரில் 200 கிராம் கரைவது, கொதிநீரில் அதன் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். ஆறும்போது அந்த உபரி படிகமாக வெளியே வந்தாக வேண்டும். உப்பு அப்படியில்லை. குளிர்ந்த நீரில் 36 கிராம், கொதிநீரில் 39 கிராம், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே உப்புக் கரைசலை ஆறவைத்துக் காத்திருப்பதில் பயனில்லை. அகலமான தட்டில் ஊற்றி, தண்ணீர் ஆவியாகும்வரை நாள்கணக்கில் விட்டுவிட வேண்டும்.

இரண்டிலும் சேராத மூன்றாவது வகையும் உண்டு: குழந்தை சொல்வதுதான் சரி, புத்தகம் சொல்வது போதாது என்கிற வகை. 1963-இல் தான்சானியாவில் எராஸ்டோ முபெம்பா என்ற பள்ளி மாணவர், சூடாக வைத்த ஐஸ்கிரீம் கலவை ஆறவைத்ததைவிட முன்னால் உறைந்ததைக் கவனித்துக் கேட்டபோது, வகுப்பில் கேலிதான் கிடைத்தது. பிறகு இயற்பியல் பேராசிரியர் டெனிஸ் ஆஸ்போர்ன் அதைச் சோதித்துப் பார்த்தார், 1969-இல் இருவரும் சேர்ந்து கட்டுரை வெளியிட்டார்கள். எப்போது அப்படி நடக்கும், ஏன் நடக்கும் என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். அதனால் உங்கள் குழந்தை 'அப்படி வரலை' என்றால், 'தப்பா செஞ்சிருப்பே' என்று சொல்லும் முன் ஒருமுறை கூடச் செய்து பாருங்கள்.

முட்டையை வைத்து என்ன செய்யலாம்?

பச்சை முட்டையை ஒரு குவளை வினிகரில் முழுக்க மூழ்கவிடுங்கள். சில நொடிகளில் ஓடு முழுக்கச் சின்னக் குமிழிகள் ஒட்டிக்கொள்ளும். குமிழிகள் சேரச் சேர முட்டை மெல்ல எழும்பும், குமிழி உடைந்ததும் புரண்டு கீழே போகும், மறுபடி எழும்பும். இதை என் மகன் அரை மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றிரண்டு நாளில், நடுவில் ஒருமுறை வினிகரை மாற்றினால், கால்சியம் கார்பனேட் ஓடு முழுக்கக் கரைந்து, உள்தோலோடு ஒரு முட்டை கையில் வரும். வெளிச்சத்தில் பிடித்தால் மஞ்சள் கரு நிழலாக நகர்வது தெரியும்.

அங்கே நிறுத்தாதீர்கள். அதைக் கெட்டியான சர்க்கரைப் பாகில் ஒருநாள் வைத்தால் தண்ணீரை இழந்து சுருங்கித் தொய்ந்துவிடும். எடுத்துச் சாதாரணத் தண்ணீரில் வைத்தால் மறுநாள் உப்பிவிடும். உள்தோல் வழியே தண்ணீர் போய்வருவது இதுதான், சவ்வூடு பரவல் என்று பின்னால் படிப்பார்கள். பச்சை முட்டையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம் என்பதால் தொட்ட பிறகு சோப்பு போட்டுக் கை கழுவ வேண்டும்.

அவசரமாக ஒன்று வேண்டுமென்றால்: அரை லிட்டர் தண்ணீரில் முட்டை மிதக்கும்வரை உப்பைக் கரையுங்கள், நான்கைந்து மேசைக்கரண்டி பிடிக்கும். பிறகு கரண்டியின் முதுகில் வழியவிட்டு மெதுவாக நல்ல தண்ணீரை மேலே ஊற்றினால், முட்டை நடுவில் அந்தரத்தில் நிற்கும்.

மிளகுத் தூளும் சோப்பும் வைத்துச் செய்வது வெறும் வேடிக்கைதானே?

தட்டில் தண்ணீர், மேலே மிளகுத் தூள், விரல்நுனியில் பாத்திரம் கழுவும் திரவம். தொட்டதும் தூள் ஓரத்துக்கு ஓடும். சோப்பு மிளகைத் தள்ளுகிறது என்று தோன்றும். உண்மையில் தொட்ட இடத்தில் பரப்பு இழுவிசை (தண்ணீரின் மேற்பரப்பை இறுக்கிப் பிடிக்கும் விசை) குறைய, சுற்றியுள்ள தண்ணீரின் வலுவான இழுப்பு மேற்பரப்பைத் தன்பக்கம் இழுத்துக்கொள்கிறது, மிளகு அதோடு போகிறது.

இந்த வேடிக்கைக்குள்ளிருந்துதான் ஒரு அறிவியல் துறையே வளர்ந்தது. வெனிஸ் நகரில் 1862-இல் பிறந்து ஜெர்மனியில் வாழ்ந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் பல்கலைக்கழகம் போனதில்லை, பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டு வேலை செய்துவந்தார். பாத்திரம் கழுவும் தண்ணீரின் மேல் எண்ணெயும் சோப்பும் என்ன செய்கின்றன என்று கவனித்து, அதை அளக்கத் தானே ஒரு தகரத் தொட்டி செய்தார். தன் முடிவுகளை ஆங்கிலேய இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். ரேலி அதை 'நேச்சர்' என்ற அறிவியல் இதழுக்கு அனுப்ப, 1891-இல் அது அச்சானது. இந்தச் சோதனை செய்யும் நாளில் அவரைப் பற்றிக் குழந்தைகளிடம் சொல்லிவிடுங்கள்.

எலுமிச்சை பேட்டரி செய்தோம், எல்.இ.டி. எரியவில்லை.

ஒரு எலுமிச்சையில் சுமார் 0.9 வோல்ட்தான் கிடைக்கும், சிவப்பு எல்.இ.டி.க்கே 1.8 வோல்ட் அளவு வேண்டும். மூன்று நான்கு பழங்களைத் தொடராக இணையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செம்புக் கம்பி, ஒரு துத்தநாகப் பூச்சுள்ள ஆணி. எல்.இ.டி.யின் நீளக் கால் செம்புப் பக்கம். விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள், ஒளி மங்கலாகத்தான் இருக்கும். ஆற்றல் வருவது எலுமிச்சையிலிருந்து அல்ல, கரையும் துத்தநாகத்திலிருந்து. அந்தப் பழத்தைப் பிறகு சாப்பிடக் கூடாது.

எதையெல்லாம் செய்யவே கூடாது?

பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ வினிகர், எலுமிச்சை, கழிப்பறை கழுவும் அமிலம் எதனோடும் சேர்க்கக் கூடாது. குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பாதிக்கும். சோதனைக்கு எடுப்பது சாப்பாட்டு அலமாரியில் இருப்பதாக இருக்கட்டும். சோப்பும் சலவை சோடாவும் சொட்டளவில், பெரியவர்கள் பக்கத்தில் இருக்கும்போது. சுத்தம் செய்யும் மற்ற எதுவும் வேண்டாம்.

சமையல் சோடாவையும் வினிகரையும் மூடிய பாட்டிலில் அடைக்காதீர்கள். என் மகன் நான் திரும்பிய நேரத்தில் பிளாஸ்டிக் பாட்டிலின் மூடியைத் திருகிவிட்டான். பாட்டில் கல்லாக இறுகிவிட்டது. திறக்கப் போன கையை நான் பிடித்துக்கொண்ட கணத்தில் மூடி தானாகவே பிய்த்துக்கொண்டு கூரையில் அடித்தது. அவன் முகம் அதற்கு நேர் மேலே இருந்திருக்கும். ஒரு தேக்கரண்டி சோடா முழுக்க வினைபுரிந்தால் ஒரு லிட்டருக்கும் அதிகமான வாயு வரும், கண்ணாடி பாட்டிலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் சோதனை நாளில் மூடிகள் எல்லாம் தனி டப்பாவுக்குப் போய்விடும்.

மஞ்சளைச் சிவப்பாக்கச் சுண்ணாம்பு வேண்டாம், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம், சோப்பே போதும். ஐஸ்கட்டியில் உப்பு கலந்தால் உறைநிலைக்குப் பல டிகிரி கீழே போகும், வெறும் கையில் பிடித்தால் தோல் உறைந்து புண்ணாகும், துணி சுற்றிக் கொடுங்கள். கொதிக்கும் சர்க்கரைப் பாகும் நெருப்பும் பெரியவர்கள் கையில் மட்டும். உடைந்த பலூன் துண்டுகளைச் சின்னக் குழந்தைகள் கையில் எட்டாமல் உடனே எடுத்துவிடுங்கள்.

சோதனைக்குச் செய்ததைச் சாப்பிடலாமா?

நாங்கள் ஒரே விதி வைத்திருக்கிறோம்: சோதனைத் தட்டில் வந்தது வாய்க்குப் போகாது. சாப்பிடுவதற்கென்றே செய்வதானால் அதைத் தனியாக, சமையலாகவே செய்யுங்கள். பாலாடையைப் பாட்டிலில் குலுக்கி வெண்ணெய் எடுப்பது அதற்கு நல்ல தொடக்கம்.

முடிந்த பிறகு மிச்சத்தை எங்கே கொட்டுவது?

வினிகர், சோடா, உப்புத் தண்ணீர், முட்டைக்கோஸ் சாறு எல்லாம் தொட்டியில் தண்ணீர் விட்டுக் கழுவிவிடலாம். சோளமாவில் பாதியளவு தண்ணீர் கலந்து, அடித்தால் கல்லாகவும் விட்டால் கூழாகவும் ஆகும் கலவை செய்திருந்தால் அதை மட்டும் தொட்டியில் ஊற்றாதீர்கள், மாவு குழாயில் படிந்து அடைத்துக்கொள்ளும். தட்டில் பரப்பிக் காயவிட்டுக் குப்பையில் போடுங்கள். மஞ்சள் துணியில் பட்டு, துவைக்கும்போது சிவந்துவிட்டால் பதற வேண்டாம். அது சோப்பின் காரம். நன்றாக அலசி வெயிலில் உலர்த்துங்கள், குர்குமின் ஒளியில் சிதைந்து கறை மங்கும். எவ்வளவு நேரத்தில் மங்குகிறது என்று பார்க்க, கறையின் பாதியை அட்டையால் மூடி வைக்கச் சொல்லி என் மகள்தான் கேட்டாள். அந்தத் துணி இப்போதும் எங்கள் கொடியில் தொங்குகிறது.